மாடி வீட்டில் யாரும் இல்லை

பல் டாக்டரிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் பேச முடியாது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். நான் பேசுவேன், அவர்கள் 'ஆ' என்று ஆமோதிப்பார்கள். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில், இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஆமோதிக்கப்பட்டு வந்தால், தான் சொல்வதெல்லாம் சரி என்று ஒரு மனிதனுக்குத் தோன்றத்தான் செய்யும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி ஓர் அறிமுகம் வேண்டும் அல்லவா, அதற்காக.

பெயர் டாக்டர் ரெங்கராஜ். டாக்டரையும் பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும்போதுகூட அப்படித்தான் சொல்கிறேன். தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர். சொந்த ஊர் முசிறி. எங்கள் சொந்தத்தில் வாழை போட்டவர்கள் உண்டு, வாழை ஏலம் எடுத்தவர்கள் உண்டு, வாழையால் நொடித்தவர்களும் உண்டு. டாக்டர் நான் ஒருவன்தான். கல்யாணமோ காதுகுத்தோ, நான் உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையில் யாராவது ஒருவர் எழுந்துவிடுவார். "பரவாயில்லை, உட்காருங்க" என்று சொல்லிக்கொண்டே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன்.

என் அக்கா பொன்னுத்தாயின் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்த்தார். அவர்கள் மகள் பானுப்ரியா அங்கேயே பிறந்து, ப்ளஸ் டூ வரை அங்கேயே படித்தாள். மச்சான் மாரடைப்பில் போய்ச் சேர்ந்ததும் அம்மாவும் மகளும் திரும்பி வந்தார்கள். முசிறி வீடு எப்போதோ விற்றாகிவிட்டது. என் மாடியை ஒழித்துக் கொடுத்தேன். வாடகை பற்றிப் பேசவில்லை. பேசவில்லை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

பானு பல் மருத்துவம்தான் படிப்பேன் என்றாள். பொதுவாக எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து சேரும் படிப்பு இது. இவள் இதையே கேட்டு வந்தாள்.

"ஏம்மா பல்லு?" என்று கேட்டேன்.

"உங்களைப் பார்த்துத்தான் மாமா" என்றாள்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நான் பிறவிக் கெட்டவன் இல்லை.

அவளுக்கு நீட் மார்க் மட்டும் போதாது. ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. வெளியே படித்தவர்கள், தாங்கள் இந்த மண்ணின் ஆட்கள்தான் என்று நேட்டிவிட்டி சான்று வாங்கிக் காட்ட வேண்டும். அது இருந்தால்தான் மாநில ஒதுக்கீட்டில் அரசு சீட். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. நேரில் வந்து விசாரித்து மேலே அறிக்கை அனுப்புவார். நேரில் விசாரிப்பது என்றால், தெருவில் மரியாதைக்குரிய ஒரு ஆளிடம், "இவங்க இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்பது. எங்கள் தெருவில் அந்த ஆள் நான்தான். வேறு யாரும் ஆகிவிடாமல் இருக்கத்தான் சங்கமே நடத்துகிறேன்.

முதல் வருஷம் பானுவுக்கு நல்ல மார்க் வந்தது. புதுக்கோட்டை அரசுக் கல்லூரி நிச்சயம், தினம் பஸ்ஸில்கூடப் போய் வரலாம் என்று அக்கா கணக்குப் போட்டாள். காத்திருந்த நாட்களில் பானு என் கிளினிக்கில் ஒத்தாசையாக இருந்தாள். நான் எவ்வளவு அதட்டியும் வாய் திறக்காத பிள்ளைகள் அவளிடம் திறந்தன. அதுகூடப் பரவாயில்லை.

ஒருநாள் அரியமங்கலத்திலிருந்து ஒரு பட்டறைக்காரர் கடைவாய்ப் பல்லுக்கு வந்திருந்தார். அக்கா எனக்குக் காபி கொண்டுவந்தாள். பானு டிரேயை அடுக்கிக்கொண்டே, சும்மாதான், கேட்டாள்:

"மாமா, நீங்க என்ன மார்க்ல சீட் வாங்கினீங்க?"

"அப்பல்லாம் முறையே வேறம்மா" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "இவனுக்கு ஏதுடி மார்க்கு? உங்க அப்பா மஸ்கட்லேருந்து அனுப்பின டிராஃப்ட்டுதான் மார்க்கு. இங்க ஒரு காலேஜும் சேர்க்கல, கர்நாடகாவுல கொண்டுபோய்த் தள்ளிட்டு வந்தோம். ஊரு பேருகூட வாயில நுழையாது."

பட்டறைக்காரர் வாயில் பஞ்சு இருந்தது. இருந்தும் சிரித்தார்.

அக்கா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் அதில் உள்ள குறை. பானு மட்டும் சிரிக்கவில்லை. "மாமா கை எவ்வளவு லேசா இருக்கும் தெரியுமா?" என்று அந்த ஆளிடம் எனக்காகப் பரிந்து பேசினாள். பரிந்து பேசப்படும் நிலைக்கு நான் வந்திருந்தேன்.

அந்த வாரத்திலேயே வி.ஏ.ஓ. அழகிரி வந்தார். எனக்கு வேண்டியவர், என்னிடம் பல் கட்டிக்கொண்டவர். மாடி ஏற முட்டி வலி என்று என் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் சார், உங்க வார்த்தை போதும். அக்கா பொண்ணு இங்கதானே இருக்கு? எழுதிடவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. பல் பிடுங்குவதைவிடச் சுலபமான வேலை. நான் கொஞ்சம் தயங்கினேன். தயக்கம்தான் ஒரு மனிதனின் நேர்மைக்கு அடையாளம் என்று அழகிரி போன்றவர்கள் நம்புகிறார்கள்.

"சொந்தம்தான், அதுக்காகப் பொய் சொல்லக் கூடாது பாருங்க" என்றேன். "சீட்டுக்காக வந்திருக்காங்க. நிரந்தரம்னு சொல்ல முடியாது. அவங்க மஸ்கட் ஆளுங்கதான்."

அழகிரி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்த அக்கா மகள்னும் பார்க்காம உண்மையைச் சொல்றீங்க பாருங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும் சார்."

அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விண்ணப்பம் தள்ளுபடியானது. விசாரணையில் குடியிருப்பு உறுதியாகவில்லை என்று ஒரு வரி. யார் சொல்லியிருப்பார்கள் என்று அக்கா யோசித்து, எதிர் வீட்டு விக்டர்தான் என்று முடிவு கட்டினாள். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவரோடு ஒரு வாய்த்தகராறு இருந்தது. "சில பேர் புத்தி அப்படி" என்று நானும் சொன்னேன். விக்டர் இன்றைக்கும் காலையில் எனக்கு வணக்கம் வைக்கிறார். அக்கா அவரைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

பானுவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கே போனேன். மக்கள் வரிப்பணம், ஏழைப் பிள்ளையின் எதிர்காலம் என்று அங்கே நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். யாரை நோக்கிக் கத்துகிறேன் என்பதில் மட்டும் தெளிவில்லாமல் பார்த்துக்கொண்டேன். பானு என் முழங்கையைப் பிடித்து, "வேண்டாம் மாமா, உங்களுக்கு பி.பி. ஏறிடும்" என்று அழுதாள். ஏறித்தான் இருந்தது.

மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும் என்று நான் சொன்னேன். முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தனியாரில் சேர்த்துவிடுவோம் என்று அக்கா வளையலைக் கழற்றினாள். "மெரிட்ல வர வேண்டிய பிள்ளையைக் காசு கொடுத்துச் சேர்க்கறதா? அசிங்கமா இல்ல?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன். கேட்கும்போது என் குரல் தடுமாறவில்லை.

பிறகுதான் அந்த உறுத்தல் வந்தது. பானுவுக்குத் தில்லைநகரில் நல்ல கோச்சிங்கில் இடம் பிடித்துக் கொடுத்தேன். புத்தகம் வாங்கினேன், மேஜை விளக்கு வாங்கினேன். மணப்பாறை பக்கம் போனால் அவளுக்கு முறுக்கு வாங்காமல் வருவதில்லை, பல் டாக்டராக இருந்தும். "என் தம்பி மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள். குற்ற உணர்ச்சியிலும் பேர் கிடைக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் அவள் இன்னும் நல்ல மார்க் வாங்கினாள். தப்பு அங்கேதான் நடந்தது. கொஞ்சம் குறைந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அழகிரி மறுபடி வந்தார். இந்த முறை கேள்வியைக்கூட அவர் முழுசாகக் கேட்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார். "பொண்ணுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை பேசி முடிச்சாச்சு. சும்மா ஆசைக்கு அப்ளை பண்ணிருக்கு" என்றேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தள்ளுபடி வந்த அன்று பானு அழவில்லை. "நான் எந்த ஊருதான் மாமா?" என்று கேட்டாள். கேள்வியாகத்தான் கேட்டாள், குறையாக இல்லை. அங்கே போனால் நீ இந்தியா என்கிறார்கள், இங்கே வந்தால் நீ மஸ்கட் என்கிறார்கள் என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். என் கை லேசாகத்தான் இருந்தது.

இது மூன்றாவது வருஷம். இனி நீட் எழுத மாட்டேன் என்றவளை நான்தான் வற்புறுத்தி எழுத வைத்தேன். இந்த முறை எல்லாவற்றையும் நேராக்கிவிடுவது என்று மனதுக்குள் தீர்மானம் செய்திருந்தேன். தீர்மானம் உண்மையானது. விண்ணப்பத்தில் என் போன் நம்பரையே கொடுத்தோம். "அலைய வேண்டாம், எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை, அழகிரி மாற்றலாகிப் போனதால் அவர் இடத்துக்கு வந்திருக்கும் லிசி என்ற அம்மாள் வந்தார். அக்கா முசிறிக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தாள். லிசி, உட்காரச் சொல்லியும் சற்று நேரம் நின்றுகொண்டே இருந்தார்.

"மேல ஏறிப் பார்த்தேன் டாக்டர். வீடு பூட்டியிருக்கு. அந்தப் பொண்ணை நேர்ல பார்த்துட்டா என் வேலை முடிஞ்சுது."

பானு உள் அறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் நாலு எட்டில் வந்துவிடுவாள். என் குரல் கேட்டு அவளே எட்டிப் பார்த்தாள், ஆள் வந்திருப்பதைப் பார்த்து டீ போட்டுக் கொண்டுவந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க்.

"எந்தப் பக்கம் மேடம் வலி?" என்று கேட்டாள்.

"எனக்கு வலி ஒண்ணும் இல்லம்மா. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வந்தேன்."

பானு தலையாட்டினாள். மாஸ்க்குக்கு மேலே கண் சிரித்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். பானு உள்ளே போய்விட்டாள். குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது.

"யாரு டாக்டர் இது? ரொம்பத் தன்மையா பேசுது."

"வேலைக்கு வர்ற பொண்ணு மேடம்."

"எங்கேருந்து வருது?"

"பக்கத்துலதான்."

"அப்ப மாடியில இருந்தவங்க?"

"சீட்டுக்காக வந்து இருந்தாங்க மேடம். கிடைக்கல. மஸ்கட்டுக்கே திரும்பிப் போயிட்டாங்க. இப்ப மேல யாரும் இல்லை."

லிசி டீயைக் குடித்து முடித்தார். "பாவம் டாக்டர். மார்க்கெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"ஆமாங்க, பாவம்" என்றேன். அது மனதிலிருந்துதான் வந்தது.

அவர் போனதும் பானு டம்ளரை எடுக்க வந்தாள். "யாரு மாமா அந்த மேடம்?"

"மெடிக்கல் ரெப்."

"சாம்பிள் ஒண்ணுமே கொடுக்கலையே."

"புது ஆளு. அடுத்த தடவை தருவாங்க."

தள்ளுபடித் தகவல் நேற்று என் போனுக்கு வந்தது. பானுவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது ஒன்று புலப்பட்டது. முதல் முறை எனக்குக் குற்ற உணர்ச்சி வர ஒரு மாசத்துக்கு மேல் பிடித்தது. இரண்டாவது முறை அன்று சாயங்காலமே வந்துவிட்டது. இந்த முறை, அந்த அம்மாள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே வந்து நின்றது. மனிதன் திருந்துவது இப்படிப் படிப்படியாகத்தான் இருக்க முடியும். பானுவை இன்னும் ஒரே ஒரு வருஷம் எழுதச் சொல்லப் போகிறேன்.