நூத்துக்கு முப்பது

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, எங்க வீட்டுக்காரர் மேல பத்து பங்கு பழின்னு எந்தத் தராசுல வச்சு நிறுத்தீங்க? நிறுக்கலையா... தலைநகரு பிஷ்கேக்ல உக்காந்து கணக்குப் போட்டீங்களா. சரி, கணக்கு. எண்ணெயில பொரிச்ச இந்த போர்சோக் ரொட்டியை ஜாம்ல தொட்டுச் சாப்பிடுங்க, ஆறிப்போச்சுன்னா கல்லாயிரும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஊர்த்தலைவரு இவருதான், ஜுமகதிர். உங்களை மாதிரியே படிச்சவரு ஒருத்தரு வந்து, மேல பனிமலையில ஏரி கட்டிக்கிட்டு நிக்குது, இந்தக் கோடையில உடைய நூத்துக்கு முப்பது வாய்ப்புன்னாரு. உடையுமான்னா தெரியாதாம். உடையாதான்னா அதுவும் தெரியாதாம். சொல்லிட்டு வண்டியேறிட்டாரு. இவரு பயந்த மனுசன். புல்லறுக்குற நேரம் பாத்து ஊரையே மேட்டுக்குக் கூட்டிப்போயி கூடாரத்துல உக்கார வச்சாரு. ஏரி அசையல. அறுக்காத புல்லு மழையில அழுகிப்போச்சு. குளிருக்குத் தீனியில்லாம மாட்டை வித்தாங்க. கல்யாண வீட்டுல இவரு நுழைஞ்சா, 'வெள்ளம் வருது, ஓடுங்க'ன்னு சிரிப்பாங்க. பதவியையும் புடுங்கிட்டாங்க.

போன வருஷம் மெலிஸ் தலைவரு. அதே ஏரி, அதே முப்பது. எங்கயும் போகவேணாம்னான். ஊரே கைதட்டுச்சு... உடைஞ்சிருச்சு. பாலத்தைக் கொண்டுபோச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு அய்ம்கானைக் கொண்டுபோச்சு. பசுவை அவுத்துவிடத்தான் போனா அவ. பசு திரும்பி வந்துருச்சு.

அப்புறம்தான் யாரு மேல தப்புன்னு பாக்க உங்க கமிஷன் வந்துச்சு. மெலிசுக்கு நாப்பத்தஞ்சு பங்கு, சைரன் வைக்காத அதிகாரிங்களுக்கு இருபது, எங்கயோ இருந்து புகை விட்டுப் பனியை உருக்குன நாட்டுக்காரங்களுக்கு இருபத்தஞ்சு. மிச்சம் பத்து இவருக்கு. ஏன்னா இவரு ஒருதடவை சும்மா பயமுறுத்துனதாலதான் அடுத்த தடவை ஊரு பயப்படலையாம். என்ன அழகா பிரிச்சிருக்கீங்க, ஆட்டுக்கறி மாதிரி. அய்ம்கான் புருஷன்கிட்ட காட்டுனீங்களா? புகை விட்டவன் தன் பங்குக்கு வந்து அழுவானான்னு கேட்டிருப்பான்.

எங்க வீட்டு மனுசன் என்னடான்னா, 'கணக்கு சரிதான்'ங்கறாரு. 'ரெண்டுபேருக்கும் ஒரே முப்பதுதான் சொன்னாங்க. நான் ஞானியும் இல்ல, மெலிஸ் கொலைகாரனும் இல்ல'ங்கறாரு. சொல்லிட்டு சாப்பாட்டைத் தள்ளி வச்சிடறாரு.

இப்ப இவரையே மறுபடி தலைவராக்கிட்டாங்க. ஏரியும் திரும்ப நெறைஞ்சிருச்சு. இந்த வருஷமும் அதே முப்பதுதானே? தலையை ஆட்டுறீங்க. அவரு காலையிலேருந்து தொழுவத்துல உக்காந்திருக்காரு. கிளம்புனா இந்த வருஷமும் புல்லு போச்சு. இருந்தா யாரைத் தண்ணி கொண்டுபோகுமோ தெரியாது. நீங்களே சொல்லுங்க, நாங்க போகணுமா, இருக்கணுமா?

...காகிதத்தை மடிச்சு வைக்கிறீங்க. போகட்டும், மெத்தை போட்டுட்டேன், படுத்து எந்திரிச்சு காலையில போங்க.

ஏன் எந்திரிக்கிறீங்க? டீ அப்படியே இருக்கு... இப்பவேவா? இருட்டுறதுக்குள்ள ஆத்தைத் தாண்டணுமா? ஷூ அங்க இல்ல, கதவுகிட்ட. மெதுவா தம்பி, கயித்தைக் கட்டிட்டு ஓடுங்க...

ஏங்க, வெளிய வாங்க. கமிஷன் தம்பி நம்ம ஊர்ல ஒரு ராத்திரிகூட தூங்க மாட்டாராம். போய் எல்லாரையும் மேட்டுக்குக் கூப்பிடுங்க.