லூட்சியின் தடம்

நான் போடும் தடத்தில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே மலை ஏறலாம் என்று ஃப்ளூரின் எல்லாரிடமும் சொல்வான். கேலிதான். ஆனால் உண்மை, இன்ஸ்பெக்டர் ஐயா. இந்தப் பள்ளத்தாக்கில் முப்பத்தெட்டு வருஷமாக நான் மலை வழிகாட்டி. பனிச்சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காமலிருக்கத் தோல்பட்டை ஒட்டி, விடியலில் முதல் ஆளாக ஏறுவேன். மற்றவர்கள் என் தடத்திலேயே வருவார்கள். லூட்சி போன வழியில் பனி சரியாது என்று மலைக்குடில்களில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

ஃப்ளூரினும் வழிகாட்டிதான், வயது இருபத்தொன்பது. பனி சரியுமா என்று ஒரு நாளும் தோண்டிப் பார்த்தவனில்லை. நான் தோண்டி, அடுக்குகளைத் தட்டிப் பார்த்து, தடம் போட்டு வைத்தபின் சாவகாசமாக வருவான். போன மாதம் வழிகாட்டிகள் கூடி என்னை இறக்கிவிட்டு அவனைத் தலைவனாக்கினார்கள். "பெரியவர் இனி வீட்ல உக்காந்து பார்லி சூப் குடிக்கட்டும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன் மூன்று நாள் வடமேற்குக் காற்று. அன்று விடியலில் மலைத்தோளைச் சுற்றும் மூலைவரை ஏறினேன். அதற்கு அப்பால் செங்குத்துச் சரிவு. அதன் ஓரத்தில் கால் வைத்ததுமே காலடியில் 'வும்' என்று பனி அமுங்கியது. மேலே காற்று அடுக்கிய கெட்டிப் பனிப்பாளம், அடியில் சர்க்கரையாய் உதிரும் பழைய பனி. ஓர் ஆள் நடுவில் போனால் போதும், மொத்தமும் சரியும். திரும்பி, என் தடத்திலேயே அடி பிசகாமல் இறங்கினேன்.

எட்டு மணிக்கு ஃப்ளூரின் போன் செய்தான்.

"மேல எப்படி, பெரியவரே?"

"தடம் போட்டிருக்கு தம்பி."

"அப்போ நான் தோண்ட வேண்டாம்."

"நான் அப்படிச் சொல்லல. தடம் போட்டிருக்குன்னுதான் சொன்னேன்."

"அது போதுமே" என்று சிரித்தான்.

அன்று அவன் மலைக்குக் கூட்டிப்போன கெஸ்லர் அம்மாள் உங்களிடம் சொல்லியிருப்பார். அந்த மூலையில் அவரை நிறுத்திவைத்தான். சரிவை ஒருவர் ஒருவராகத்தான் கடக்க வேண்டும். அந்த ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தான். "தடம் பாதியில நிக்குதே?" என்று அவர் கேட்டாராம். "காத்து மூடியிருக்கும். லூட்சி போயிருக்கார்ல, பயப்படாதீங்க" என்றானாம்.

மீட்புக் குழுவில் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். அவனைத் தோண்டி எடுத்ததும் நான்தான். ஒன்றரை மீட்டர் ஆழம். மூச்சு இல்லை.

போ என்று நான் சொல்லவில்லை, ஐயா. நான் யாரையும் கெட்ட சரிவுக்குக் கூட்டிப்போனதில்லை, அன்றைக்கும் முன்னாலேயே திரும்பிவிட்டேன். திரும்பிய இடத்தில் என் சறுக்குப் பலகை பனியை அரைவட்டமாகக் கீறியிருந்தது. அதை மட்டும் ஊன்றுகோலால் தட்டிச் சமமாக்கி, மேலே கொஞ்சம் பனி தூவிவிட்டு வந்தேன். அலங்கோலமான தடத்தை விட்டுவிட்டு வருவது என் வழக்கமில்லை.