மெத்தைக்கடைக்காரரின் ஜெபம்

— அந்த வரியை அடிச்சிடுங்க தம்பி. முதல் வரியே பொய்.

— எது அண்ணி, "ஜெப வீரர்"ங்கிறதா? சபைக் காரியதரிசி மூணு நாள் உட்கார்ந்து எழுதினது. நாளைக்கு நினைவு ஆராதனையில அண்ணனைப் பத்தி அவர் வாசிக்கப் போறதே இந்தத் தாளைத்தான்.

— அவர் வாசிக்க வேணாம். நான் பேசறேன்.

— கையைத் தூக்கிக்கிட்டே பேசுக்கா. ஊசி குத்தினா அப்புறம் தையல்காரியைக் குத்தம் சொல்லக் கூடாது. அண்ணன் போன ஒரு மாசத்துல இப்படியா இளைப்பே? ரவிக்கையில பக்கத்துக்கு ஒரு இஞ்ச் பிடிக்கணும். ம், சொல்லு, என்ன பொய்? நான் எதுக்குக் கேக்கறேன்னா, எதிர் வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே தெரியாத பொய்யான்னு ஒரு ஆதங்கம்.

— அவர் ஜெபம் பண்ணலை. தூங்கினார்.

— எப்ப?

— சர்ச்சுல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிச்சா கண்ணை மூடுவார், கடைசிப் பாட்டுக்குத்தான் திறப்பார்.

— அண்ணி!

— ஐயோ, என் வயித்துல பாலை வார்த்தேக்கா! இத்தனை வருஷமா நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— டெய்லரக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அண்ணி, பாஸ்டரே அண்ணனைக் காட்டித்தானே வாலிபப் பசங்களுக்குச் சொல்வார்? "இந்தச் சகோதரரைப் பாருங்க, ஆண்டவர் சமூகத்துல உட்கார்ந்தா இவருக்கு உலகமே மறந்துபோயிடும்"னு?

— மறந்துதான் போச்சு. வாயோரம் வடிஞ்சதை நான் கைக்குட்டையால துடைச்சு விடுவேன். நீங்கள்லாம் கண்ணீர்னு நினைச்சீங்க.

— சரி, குறட்டை? அவ்வளவு பெரிய உடம்பு, குறட்டை வராமலா இருக்கும்?

— வரும். வந்தா நான் இருமுவேன்.

— அடிப்பாவி! அந்த இருமலா? பாஸ்டரம்மா உனக்கு எத்தனை பாட்டில் மருந்து வாங்கிக் குடுத்திருப்பாங்க! உன் நெஞ்சு குணமாகணும்னு ஒரு தடவை உபவாசக் கூட்டமே போட்டோமே! நான் பச்சைத்தண்ணிகூடப் பல்லுல படாம கிடந்தேனேக்கா!

— தெரியும். அந்தக் கூட்டத்துலயும் அவர் நல்லாத் தூங்கினார்.

— ரெண்டு பேரும் சிரிக்காதீங்க. இதை மைக்குல சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நாம விக்கிறது மெத்தை. கடை போர்டுல "படுத்ததும் தூக்கம்"னு எழுதி வச்சிருக்கோம். அந்தக் கடை முதலாளியே மரபெஞ்சுல உட்கார்ந்தபடி தூங்கினார்னா, மெத்தையை எவன் வாங்குவான்?

— முதுகு வலிக்கிறவன் வாங்குவான்.

— விளையாட்டு இல்ல அண்ணி. அண்ணன் பேர்னு ஒண்ணு இருக்குல்ல? முப்பது வருஷமா சம்பாதிச்சது. பழைய பஞ்சைப் புதுசுன்னு ஒரு நாளும் வித்ததில்ல. சந்தேகம்னு யாராவது முனகினா போதும், அவங்க கண்ணு முன்னாடியே ஓரத் தையலைப் பிரிச்சு, உள்ள கையை விட்டுப் பார்க்கச் சொல்வார். ஆஸ்பத்திரிக்குப் போற மெத்தைன்னா ரெண்டு கிலோ பஞ்சு கூடப் போடச் சொல்வார், நோயாளி எலும்பு குத்தும்னு. இதையெல்லாம் பேசுங்க. வேணாம்னா சொல்றேன்?

— இதையும் பேசுவேன். அதையும் பேசுவேன்.

— என்ன பிடிவாதம் அண்ணி இது?

— அந்தப் புகழ்ச்சி அவருக்கு முள்ளு தம்பி. பாஸ்டர் அப்படிச் சொன்ன நாளெல்லாம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழட்ட மாட்டார். "அடுத்த வாரம் எந்திரிச்சு நின்னு உண்மையைச் சொல்லிடறேன்"ம்பார். நான்தான் விடலை.

— ஏன் விடலை?

— அடுத்த கேள்வி, ஏன் தூங்கறேன்னு வரும். ராத்திரி தூங்காததாலன்னு அவர் சொல்லணும். ராத்திரி ஏன் தூங்கலைன்னு அதுக்கு மேல ஒருத்தர் கேப்பார்.

— ராத்திரி தூங்காதது தெருவுக்கே தெரியும்க்கா. உங்க முன்னறை விளக்கு விடிய விடிய எரியும். நான் எட்டிப் பார்க்கிறவ இல்ல, மெஷின் ஜன்னலோரமா கிடக்கு, கண்ணு தானாப் போகுது. தெருவுல ரெண்டு கட்சி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டைன்னு ஒரு கட்சி. அவர் யாரோ ஒருத்திகூட போன்ல பேசறார்னு இன்னொரு கட்சி.

— நீ எந்தக் கட்சி?

— எனக்கெதுக்குக்கா ஊர்க்கதை? ரெண்டு பக்கமும் போய் வருவேன், அவ்வளவுதான்.

— டெய்லரக்கா, காரணம் எனக்குத் தெரியும். வெளிய சொல்லாதீங்க. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி குழந்தை தவறிப்போச்சுல்ல, அதுக்கப்புறம் அண்ணிக்குத் தூக்கத்துல நடக்கற வியாதி. ஒரு நாள் விடியக்காலைல பால்காரர் ஆத்துப் பாலத்துகிட்ட பார்த்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். அன்னைலருந்து அண்ணன் நாற்காலியை வாசக்கதவோட ஒட்டிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துடுவார். "ஒரு பூட்டைப் போட்டுட்டுப் படுண்ணே"ன்னு நானே சொன்னேன். "என் பொண்டாட்டியைப் பூட்டி வைக்க மாட்டேன்டா"ன்னுட்டார்.

— அடக் கடவுளே. அதான் பகல்லயும் உன்னைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துலயே உட்கார வச்சுக்கிட்டாரா? "தலை நரைச்சும் புது மாப்பிள்ளை"ன்னு நாங்க பண்ணாத கேலியா!

— பண்ணினீங்க. ஒரு வார்த்தை விடாம அவர் காதுல விழுந்துச்சு.

— அண்ணி, வியாதிங்கிறது வீட்டோட இருக்கட்டும். அதைப் போய் சபையில சொல்லணுமா?

— எனக்கு அந்த வியாதி இருந்ததே இல்ல தம்பி.

— என்ன சொல்றீங்க? அண்ணன்தானே சொன்னார்?

— அது அவர் உங்களுக்குக் கட்டின கதை. உங்க அம்மாவுக்கும் அதையேதான் சொன்னார். நான் முழிச்சுக்கிட்டேதான் பாலத்துக்குப் போனேன்.

— முழிச்சுக்கிட்டேவா அண்ணி?

— ஏய், ஊசியைக் கீழ போட்டுட்டே பாரு, எடு. நான் இப்ப நல்லா இருக்கேன். டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை சாப்பிட்டேன், பேசிப் பேசி வெளிய வந்தேன். அஞ்சாறு வருஷத்துல தேறிட்டேன். அவரைத்தான் தேத்த முடியலை. "எனக்கு ஒண்ணுமில்ல, போய்ப் படுங்க"ன்னு விரட்டுவேன். படுப்பார். ரெண்டு தடவை புரள்வார், எந்திரிச்சு நாற்காலிக்கே வந்துடுவார்.

— இதையா நாளைக்குப் பேசப் போறீங்க? சனங்க உங்களை வேற மாதிரி பார்ப்பாங்க அண்ணி.

— பார்க்கட்டும். இத்தனை வருஷம் அவர் வாயை நான் மூடி வச்சேன். இனி என் வாயை யாரும் மூட முடியாது. அதோட டெய்லர் முன்னாடி வேற சொல்லிட்டேன், பொழுது சாயறதுக்குள்ள பாதி ஊருக்குப் போயிடும்.

— போகாதுக்கா. என் மெஷின் மேல சத்தியம். நாளைக்கு மைக்கைப் பிடிச்சு நீ சொல்ற வரைக்கும் இந்த வாய் தைச்ச வாய். இந்தா, ரவிக்கை நச்சுன்னு உட்கார்ந்துடுச்சு, கையை இறக்கு.

— சரி அண்ணி, தாளைக் கிழிச்சுட்டேன், போதுமா? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் கேக்கலைன்னாலும் சபையில யாராவது கேப்பாங்க. கடை பூரா மெத்தை, பக்கத்துலயே நீங்க. அங்க கொஞ்சம் கண்ணசந்திருக்கலாமே? சர்ச்சுல போய் ஏன் தூங்கணும்?

— கடைக்கு வாசல் ரெண்டு, வீட்டுக்கு வாசல் ரெண்டு. சர்ச்சுல மட்டும்தான் நான் சுவரோரம், அவர் வெளியோரம். அவர் முழங்காலை இடிச்சு எழுப்பாம என்னால எங்கயும் போக முடியாது.