தண்ணீருக்கு மேலே இரண்டு கைகள்

வாட்டர் போலோவில் கோல்கீப்பருக்குத்தான் அதிகம் குளிரும். மற்ற ஆறு பேரும் குளத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நீந்திக்கொண்டே இருப்பார்கள், உடம்பு சூடாகிவிடும். கோல்கீப்பர் மட்டும் வலைக்கு முன்னால் ஒரே இடத்தில் தண்ணீரை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். காலுக்குக் கீழே தரை எட்டாது. பார்க்கிறவர்களுக்கு, இவன் சும்மாதானே இருக்கிறான், கொடுத்துவைத்தவன் என்று தோன்றும். நான் மூன்று வருடம் அப்படிச் சும்மா இருந்தவன்.

நீங்கள் பி.டி. மாஸ்டரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாலைந்து முறை விசாரித்துவிட்டீர்கள். குளத்துக் காவலாளியைக் கேட்கவே வேண்டாம், குடைந்து எடுத்துவிட்டீர்கள். என்னை ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டீர்கள், அதுவும் ஆட்டம் முடிந்த அன்று மாலையே. தண்ணீர் கொடுத்து, அழாதே தம்பி என்று தேற்றி அனுப்பிவிட்டீர்கள். நான் அழவில்லை. குளோரினில் கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். அன்று நான் சொல்லாமல் விட்டதைச் சொல்ல இன்று நானாகவே வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் குழாய்களுக்கு மேலே, விடுதிகளுக்கு இடையிலான பல்கலைக்கழகக் கோப்பையை வென்ற கேப்டன்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். கடைசிப் படம் என் அண்ணனுடையது. பதினோரு வருடமாக அதற்குப் பக்கத்தில் வெறும் ஆணிதான். மூன்று வேளையும் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் கை கழுவ வேண்டும். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அம்மா முதலில் கேட்பது, அண்ணன் படம் இன்னும் இருக்கிறதா என்று. நான் கேப்டன் ஆகிவிட்டேன் என்று போனில் சொன்னபோதும் அதைத்தான் கேட்டாள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

இறந்துபோனவன் என் அறையில் இருந்தவன், இரண்டாம் வருட மாணவன். கால்களை அகட்டி அவன் நீந்துவதைப் பார்த்துத் தவளை என்று பெயர் வைத்தது நான்தான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க மாட்டான் என்ற நிலைமைக்கு வந்துவிட்டது. எதிராளியை ஒட்டி நின்று மறிப்பதில் அவனுக்கு ஈடு எங்கள் அணியில் யாரும் இல்லை. நல்ல பையன். எனக்கும் சேர்த்துத் துணி துவைத்துப் போடுவான்.

அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் உடல்நலப் படிவம் கொடுத்தார்கள். மூச்சிரைப்பு உண்டா என்ற கேள்விக்கு அவன் 'உண்டு' என்று எழுதி, கேப்டன் கையெழுத்துக்காக என்னிடம் கொண்டுவந்தான். பி.டி. மாஸ்டர் அதைப் பார்த்தால் அவனைக் குளத்தில் இறக்கவே மாட்டார். தேர்வு என்று சொல்லி ஏற்கெனவே மூன்று பேர் விலகியிருந்தார்கள். அவனையும் சேர்த்தால்தான் ஏழு பேர். மாற்று ஆளாக உப்புக்குச் சப்பாணியாகக்கூட ஒருவன் கிடையாது. நான் அந்தப் படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று கொடுத்தேன். அவன் அதில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினான்.

"நடுவுல மூச்சு முட்டுனா என்னண்ணா பண்றது?"

"கையத் தூக்கு. நான் ஆட்டத்த நிறுத்திடுறேன்."

அவனுடைய இன்ஹேலரை என் துண்டில் சுற்றி, கோலுக்குப் பின்னால் குளத்தின் விளிம்பில் வைப்பது என்று முடிவு செய்தோம். நான் மனதாரத்தான் அந்த வாக்கைக் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இருவருக்கும் ஒன்று தோன்றவில்லை. இந்த ஆட்டத்தில் தில்லுமுல்லு எல்லாம் தண்ணீருக்குக் கீழேதான் நடக்கும். பிடிப்பார்கள், இழுப்பார்கள், உதைப்பார்கள், நடுவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எதிராளியை மறித்து நிற்பவன் அடிக்கடி இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டுவான். நான் இவனைப் பிடிக்கவில்லை, நீங்களே பாருங்கள் என்று அர்த்தம். ஒரு ஆட்டத்தில் நூறு தடவையாவது யாராவது கையைத் தூக்குவார்கள். ஊரில் வேறு எந்தச் சைகையும் கிடைக்காத மாதிரி நாங்கள் போயும் போயும் அதைத் தேர்ந்தெடுத்தோம். தண்ணீருக்குள்ளேயே கிடந்து பழகியவர்களுக்குத்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் வரும்.

கடைசிக் கால்பகுதி. நாங்கள் ஆறு கோல், அவர்கள் ஐந்து. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. பந்து அவர்களிடம். அவர்களிலேயே பெரிய ஆளை எனக்கு நாலு மீட்டர் முன்னால் தவளை மறித்துக்கொண்டிருந்தான். அவன் கைகள் இரண்டும் மேலே போயின. பி.டி. மாஸ்டர்தான் நடுவர். அவர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார், விசில் ஊதவில்லை. அவரைத் தப்பு சொல்ல முடியாது. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் யாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

கையைத் தூக்குகிறவன் நடுவரைப் பார்ப்பான். தவளை திரும்பி என்னைப் பார்த்தான். உதடு நிறம் மாறியிருந்தது. வாயைத் திறந்தான், குரல் வரவில்லை.

அதே நேரத்தில் அவர்கள் அடித்தார்கள். நான் பிடித்துவிட்டேன். அப்போது பந்து என் கையில் இருந்தது, முப்பத்தைந்து வினாடி பாக்கி. ஒரு சத்தம் போட்டிருந்தால் ஆட்டம் நின்றிருக்கும். பிறகு ஆறு பேரோடு ஆட வேண்டும், பந்தைக் காப்பாற்ற முடியாது, அவர்கள் ஒன்று போட்டால் சமன். இதையெல்லாம் பதற்றத்தில் யோசிக்கவில்லை, தெளிவாகவே யோசித்தேன். பந்தை எதிர் முனைக்கு நீளமாக எறிந்தேன். எல்லோரும் அதன் பின்னால் நீந்தினார்கள். கூட்டத்தின் தலைகளும் அந்தப் பக்கமே திரும்பின. நல்ல எறி அது. யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கோலுக்குப் பின்னால் காவலாளி நின்றிருந்தார். வேலைக்கு வந்து இரண்டு வாரம்தான், இந்த ஆட்டத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. தவளை என் பக்கம் வரப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தண்ணீருக்குள் போய்ப் போய் வந்தது.

"தம்பி, அந்தப் பையன் ஏன் இன்னும் கையத் தூக்கிட்டே இருக்கான்? எனக்கு என்னமோ சரியாப் படல."

திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

"இந்த ஆட்டத்துல அப்படித்தாண்ணே. ஃபவுல் பண்ணலன்னு காட்டுறான். நீங்க குதிச்சா எங்க டீமுக்குத்தான் தண்டனை."

அப்படியா என்று கேட்டுவிட்டு, அவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். இதை அவர் உங்களிடம் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். தப்பிக்கப் பார்க்கிறான் என்று எழுதினீர்கள். இப்போது அவருக்கு வேலையும் இல்லை. அன்று குளத்தைச் சுற்றி நானூறு பேர் இருந்தார்கள். சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஆட்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தைக் கடத்தினார்கள். நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தைப் பார்ப்பதுதான் கோல்கீப்பரின் வேலை. விசில் அடித்ததும் முதல் முறையாக என் இடத்தை விட்டு நகர்ந்து, எங்கள் ஆட்களிடம் நீந்திப் போனேன். போகிற வழியில் காலில் ஏதோ பட்டது. நிற்கவில்லை. ஐவரும் என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது. காவலாளிதான். செருப்போடு குதித்திருந்தார்.

அவனுடைய பொருட்களை வாங்கிப் போக அவன் அம்மா வந்தார். நான் எல்லாவற்றையும் மடித்து அடுக்கி வைத்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரைக்கும் நீதானேப்பா அவன் பக்கத்துல இருந்த என்றார். ஆமாம்மா என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. விடுதியில் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கூடாது என்று நான் ஒருவன்தான் சொன்னேன். அவனும் சேர்ந்து வென்ற கோப்பை இல்லையா?

ஒரு மாதமாக எனக்கு நானே ஒன்றைச் சொல்லிவந்தேன். மூன்று வருடப் பழக்கம், ஆட்டத்தின் வேகம், நானும் அதை ஃபவுல் இல்லை என்று காட்டுகிற கையாகத்தான் எடுத்துக்கொண்டேன், காவலாளியிடம் நம்பித்தான் சொன்னேன் என்று. பாதி நாட்கள் அதை நம்பித் தூங்கியும் இருக்கிறேன். நீங்களும் அப்படியே எழுதிவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பலாம், ஒரே ஒரு விஷயம் இடிக்காமல் இருந்தால். அப்படிக் கையைத் தூக்கிக் காட்ட, பக்கத்தில் ஓர் எதிராளி இருக்க வேண்டும். நான் காவலாளிக்கு அந்தப் பதிலைச் சொன்னபோது பன்னிரண்டு பேரும் அந்த முனையில் இருந்தார்கள். இந்த முனையில் அவனும் நானும் மட்டும்தான்.