மூன்றாம் எண் வண்டியின் சாவி

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் திருமதி செங்கொடி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் திறந்து வாசித்தளிக்கும் மடல்

இரும்புப் பெட்டிக்குள் இரண்டு விரற்கடை இடைவெளியில் இரண்டு டன் பாரத்தை இறக்கிவைத்த எங்கள் இணையற்ற அக்காவே! எண்ணூர்ச் சாம்பலையும் மணலி நாற்றத்தையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்கக்கூட நேரமின்றி உழைத்தவரே! கோபத்தையும் கியர் போட்டு ஓட்டத் தெரிந்த கொருக்குப்பேட்டைக் குணவதியே!

குணவதி என்றதும் முறைக்கிறீர்கள். சரி, அந்தச் சொல்லை அடித்துவிட்டோம். தாயே, தெய்வமே, தியாகச் சுடரே என்று மேலும் நான்கு வரி எழுதி வைத்திருந்தோம், அவற்றையும் அடித்துவிட்டோம். பெண்ணென்றால் ஒன்று கும்பிடுவது, இல்லாவிட்டால் கேலி செய்வது. திரையில் இந்த இரண்டையே பார்த்துப் பார்த்து எங்கள் கையும் அப்படியே எழுதப் பழகிவிட்டது.

காலியான கன்டெய்னர்களைக் கூட்டிப் பெருக்க 1993இல் உள்ளே வந்தீர்கள். எட்டாண்டுகள் துடைப்பம் பிடித்த கை, லைசென்ஸ் எடுத்து ஸ்டியரிங் பிடித்தது. "பொம்பள ஓட்டுனா சரக்கு ஊடு போய்ச் சேராது" என்றவர்கள் எல்லாம் இடுப்புவலியால் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்கள். உங்கள் கையில் கிழிந்தது ஒரே ஒரு மிளகாய் மூட்டை. அதற்கும் எலிதான் காரணம் என்று சரக்குச் சேதம் பார்க்கும் சர்வேயரே எழுதிக் கொடுத்தார். இத்தகைய பணிக்காலம் இந்த மேடையில் இருக்கும் எவருக்கும் வாய்க்கவில்லை, மேலாளர் அவர்கள் உட்பட.

பிறகு அந்தப் படக்குழு வந்தது. படத்தின் பெயரை இம்மடலில் எழுதிக் காகிதத்தைக் கெடுக்க மாட்டோம். பதினொரு நாள் நம் யார்டை வாடகைக்கு எடுத்தார்கள். கதாநாயகி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பெண் என்றார்கள். மும்பையிலிருந்து வந்த நடிகை ரூஹிக்கு ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று உங்களைக் கேட்டார்கள். மூன்றாம் நாளே அந்தப் பெண் தட்டோடு சரக்கைத் தூக்கி, திருப்பி, அலுங்காமல் வைத்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவளும் நீங்களும் சிறுபிள்ளைகள்போல் கட்டிக்கொண்டு குதித்ததை நாங்கள் பார்த்தோம்.

அன்று இயக்குநரிடம் நீங்கள் கேட்டதும் எங்கள் காதில் விழுந்தது.

"சார், இந்தப் பொண்ணுக்கு ஊடு எங்க கீது? லைசென்ஸ் எப்போ எடுத்துச்சு? கதைல இன்னா சொல்றீங்க?"

"அதெல்லாம் அவ கேரக்டருக்குத் தேவையில்லக்கா. முழுக்க ஹீரோ பார்வையில போற படம்."

"அவர் பாத்துகினே இருக்கட்டும் சார். வண்டிய யார் ஓட்டுறது?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த நாள் எங்களை ஒரு காலிப் பெட்டியின் முன் நிறுத்தி, அதைப் பார்த்து விசிலடிக்கச் சொன்னார்கள், கைதட்டச் சொன்னார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரியாணிப் பொட்டலம் கையில் இருந்தது. தொண்டை வறளும்வரை அந்தத் தகரத்தைப் பார்த்து விசிலடித்தோம்.

முதல் நாள் முதல் காட்சிக்கு உங்களையும் இழுத்துக்கொண்டு ராயபுரம் போனோம். ரூஹி திறமையாகத் தூக்கிவைத்த காட்சி படத்தில் இல்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் அலறுகிறாள். நாயகன் பாய்ந்து வண்டியை நிறுத்துகிறான். நம்ம பாஷையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியவளைக் கீழே இழுத்து அறைகிறான். "அப்படியே ரிவர்ஸ் எடுத்து கிச்சனுக்குப் போ செல்லம்" என்கிறான். கன்னத்தைப் பிடித்தபடி அவள் வெட்கப்படுகிறாள். உடனே திரை முழுக்க எங்கள் முகங்கள்! தகரத்துக்கு அடித்த விசிலை அந்த அறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. எங்கள் முகத்தைத் திரையில் கண்ட குஷியில் தியேட்டரிலும் எழுந்து நின்று விசிலடித்தோம்.

வெளியே வந்து நீங்கள் சொன்னீர்கள்: "டேய் நைனாங்களா, அவன் நடிச்சிட்டுக் காரேறிப் பூட்டான். நீங்க நாளைக்கு என் மூஞ்சிலதான் முழிக்கணும்."

முழித்தோம், திருந்தவில்லை. நீங்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் எவனாவது ஒருவன் அந்த வசனத்தைக் கத்தினான். நீங்கள் ரிவர்ஸ் எடுப்பதைக் கைப்பேசியில் பிடித்து, வசனத்தையும் ஒட்டி ரீலாகப் போட்டவன் தண்டபாணி. இதை வாசித்துக்கொண்டிருப்பவனும் அவனே. இந்த வரியில் குரல் தடுமாறினால் தடுமாறட்டும். எழுதச் சொன்னது அவன்தான். லட்சம் பேர் பார்த்தார்கள், லட்சம் பேர் சிரித்தார்கள். யார்டு பெயர் கெடுகிறது என்று நிர்வாகம் விழித்துக்கொண்டது. ரீல் போட்டவன் வண்டியிலேயே இருந்தான்; இருபத்துமூன்று ஆண்டு ஓட்டியவரை இறக்கி, கேட்டில் சீட்டு எழுத உட்காரவைத்தார்கள். எட்டு மாதம்! ஒரு பொய்ப்படம் ஓடியது மூன்று வாரம். அதை நம்பி ஒரு மெய்யான பெண்ணின் இருக்கையைப் பிடுங்கினோம். வடசென்னைக்காரனை ரவுடி என்று காட்டினால் கொதிக்கும் எங்களுக்கு, வடசென்னைக்காரியை அறைந்து காட்டியபோது கை தானாகத் தட்டியதே, அந்தக் கையை என்ன செய்வது?

ஓய்வு பெறும் ஆபரேட்டர் தன் வண்டியிலேயே யார்டைக் கடைசியாக ஒரு சுற்று சுற்றி, வாசலில் நிறுத்தி, சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பது நம் வழக்கம். மற்ற வண்டிகள் ஹாரன் முழக்கும். உங்களுக்கு அந்தச் சுற்று கிடையாது, நீங்கள் கேட் ஊழியராகத்தான் ஓய்வு பெறுகிறீர்கள் என்று சென்ற வாரம் அறிவிப்பு ஒட்டினார்கள். நீங்கள் அதைப் படித்துவிட்டுச் சீட்டு எழுதப் போனீர்கள். உங்கள் முதுகு மட்டும் ஒரு நிமிடம் குலுங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாங்கள் பார்க்காத ஒன்று.

அதனால் இன்று காலை ஏழு மணிக்குப் பதினான்கு ஆபரேட்டர்களும் பதினான்கு சாவிகளை மேலாளர் மேசையில் வைத்தோம். பெட்டிகள் நின்றன, லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலை வரை நின்றன. பத்தரை மணிக்கு நீங்கள் ஓட்டிய மூன்றாம் எண் வண்டியின் சாவி முதலில் திரும்பி வந்தது. மேலாளர் அவர்களுக்கு நன்றி, சற்றுத் தாமதமானதுதான்.

மூட்டுவலி இல்லாத முழங்காலும், மாத்திரை தேடாத காலையும், யாரும் தட்டி எழுப்பாத ஞாயிறுகளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! எங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அது உங்கள் இஷ்டம்.

இந்தச் சுற்றுக்கு ஸ்பீக்கரில் நாயகன் அறிமுகப் பாட்டு போடுவதும் வழக்கம். இன்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டோம். சால்வைத் தட்டில் சால்வை இல்லை, சாவிதான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஏறுங்கள் அக்கா.

நாங்கள் கைதட்டுவோம். இம்முறை எதற்கென்று தெரிந்து தட்டுவோம்.

இங்ஙனம்,
தகரத்துக்கு விசிலடித்த பதினான்கு ஆபரேட்டர்களும்
கேட், ஷெட், எடைமேடைத் தொழிலாளர்கள் அனைவரும்
திருவொற்றியூர்