தஸ்பீஹின் முதலாவது மணி

நண்பகலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சாய்ந்தமருதில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில், எனக்கு முன்னால் இருந்த மர வாங்கில் முதலில் கண்ணில் பட்டது, ஓதுவதை எண்ணும் ஒரு தஸ்பீஹ் மாலை. அதன் முதலாவது மணியிலேயே ஓர் இளம்பெண்ணின் விரல் நின்றிருந்தது.

"ஓதுறயா புள்ள?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த மூத்த பெண். அவருக்கு இது மூன்றாவது பிள்ளை. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"இல்ல ராத்தா. புள்ள துடிக்கிறத எண்ணுறன். வேற நாளெண்டா இந்நேரத்துக்கு விரல் பத்தாவது மணியத் தாண்டிரும். இண்டைக்கி விடியச் சுபஹ் தொழுததுக்குப் பிறகு ஒண்டுமே இல்ல."

"நேர்ஸ் மிஸ்ஸிட்டச் சொன்னயா கா?"

"பயமா இரிக்கி. நம்பர் வரட்டும் எண்டு இரிக்கன். இருவத்திரெண்டு."

"இந்தா, என்ட சீட்டு ஏழு. அடுத்தது நான்தான். நீ போ. என்ட ஆள் வயித்துக்குள்ள பந்தடிக்கான், அவனுக்கு ஒரு அவசரமும் இல்ல."

இளையவள் சிரித்தாள். சீட்டை வாங்கவில்லை.

"ராவு கனவில கடலக் கண்டன் ராத்தா. அலையே இல்ல. ஒரு புள்ள தண்ணிக்கு மேல நித்திர கொள்ளுது. எழுப்ப மனமில்லாம பாத்துக்கொண்டு நிண்டன்."

"இப்ப எழுப்பு."

பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. இருவரும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேச்சை நிறுத்தினார்கள்.

பாங்கு முடிந்ததும் தாதி ஏழாம் நம்பரை அழைத்தார். மூத்தவர் சீட்டை மறுபடியும் நீட்டினார்.

இளையவள் மறு கையால் வயிற்றைத் தொட்டுச் சிரித்தாள்; விரல் நான்காவது மணிக்கு வந்திருந்தது.