மஹ்ரூஸ் அண்ணன் வண்டியில டொக் டொக்

விக்கிறதா? இந்த வண்டியவா? நல்லா இருக்கு கதை! இருபது வருஷமா நம்ம தன்தா ஊருக்கும் அலெக்ஸாந்திரியாவுக்கும் ஓடிச் சோறு போட்ட டாக்சி. ஒரு டொக் டொக் சத்தத்துக்குப் பயந்து அதத் தரகன் தலையில கட்டிட்டு, நீங்க குவைத்துக்குக் கிளம்புறீங்களாக்கும்? உக்காருங்க மஹ்ரூஸண்ணே. டீ வருது. எஞ்சின அணைக்காதீங்க, சத்தம் கேக்கணுமில்ல.

என்ன மோப்பம் பிடிக்கிறீங்க? அத்தர்தான். மெக்கானிக்னா க்ரீஸ் நாத்தம்தான் அடிக்கணுமா?

இந்த நீள ஸ்க்ரூடிரைவர்தான் எனக்கு டாக்டர் குழல். நுனி எஞ்சின் மேல, பிடி காதுல. உஷ்... இது வால்வு, தையல் மிஷினாட்டம் சீரா ஓடுது. இது தண்ணி பம்ப், தூக்கத்துல கிழவன் முனகுற மாதிரி சும்மா முனகுது. என்னது, ஸ்டேஷன் ரோட்டுக்காரன் பிஸ்டன் போச்சுன்னானா? அவனுக்குக் கழுதை கத்தினாலும் பிஸ்டன்தான்.

சரி, சத்தம் எப்ப வருது? காலைல வீட்டுலேர்ந்து எடுக்கையில. அதுவும் வியாழக்கிழமை வியாழக்கிழமையா. நூறு கிலோமீட்டர் ரோட்டுல வராத சத்தம், உங்க வாசல்ல ஒரு ராத்திரி நின்னா வருது. அப்ப நோவு எஞ்சின்லயா, வாசல்லயா?

முறைக்காதீங்க. இது காத்து வடிகட்டுற டப்பா. திறக்குறேன், கைய நீட்டுங்க. ம்... பேரீச்சங்கொட்டை. அஞ்சு! முத வாரம் ஒண்ணு போட்டா, போன வாரம் ரெண்டு. இந்த வாரம் குவைத் பேச்சு காதுல விழுந்திருக்கும், பாவம்.

யாரா? உங்க தங்கச்சி இன்ஷிராஹ்தான். ஐயோ, ஸ்பேனரக் கீழ வைங்கண்ணே! எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. வடிகட்டிக்கு வெளிப்பக்கம்தான் போடணும்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்.

பின்ன என்ன பண்றது? நான் வாயத் திறக்குறதுக்குள்ள கியரப் போட்டுப் பறந்துடுறீங்க. சத்தம் வந்தாத்தான் ஒரு டீ முடியிற வரைக்குமாவது உக்காருறீங்க. அப்படி ரெண்டு வாரம் உக்கார வெச்சும், எனக்குத்தான் நாக்கு எழும்பல. நாப்பத்தி நாலு வயசாச்சு. எந்த எஞ்சின் என்ன சொல்லுதுன்னு தெரியும், எனக்கு வேணுங்கிறதச் சொல்லத் தெரியல. வீட்டுக்குப் போனா, அம்மா தூங்கினப்புறம் டீக் கெட்டில் சத்தம்தான் பேச்சுத் துணை.

இப்பக் கேளுங்க. பட்டு மாதிரி ஓடுதா? இதப் போயி விக்கிறேங்கிறீங்க.

மூடியப் போட்டாச்சு, கிளம்பலாம். இருங்க, இந்த அழுக்கு அங்கிய மட்டும் கழட்டிடுறேன். ஆமா, உள்ள புதுச் சட்டைதான். அம்மா சாயங்கால அஸர் தொழுதுட்டு பஸ்பூஸா இனிப்பு டப்பாவோட உங்க வீட்டுக்குப் போயி உக்காந்திருக்கா. பொண்ணோட அண்ணன் இல்லாம நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓத முடியாதே.

முன் சீட்டுல கொஞ்சம் இடம் குடுங்க மச்சான். நானும் அங்கதான் வரணும்.